சிவப்பு அட்டை

தெப்ராவ் ஆற்றை இன்று வாகனத்தில் கடந்து செல்வோரிடம், இங்கே ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ரப்பர் மரங்கள் அணிவகுத்து நின்றன என்று சொன்னால் நம்புவது அரிது. வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் எழுந்துவிட்டன. அந்த மரங்களுக்கிடையே விடியற்காலையில் தலைவிளக்குடன் நடந்தவர்களுள் ஒருவர், தம் லயத்து வீட்டின் தகரப் பெட்டியில் குடும்பத்தாரின் அடையாள அட்டைகளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். மனைவியின் அட்டை நீலம். அவருடையது சிவப்பு.

ஒரே கூரையின் கீழ் இரண்டு நிறம் எப்படி வந்தது? அவர் 1937இல் ஒன்பது வயதுச் சிறுவனாகத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு துறையூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கப்பலேறினார். மறு ஆண்டே இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்துவிட்டது. தாயும் கைக்குழந்தையான தங்கையும் ஊரிலேயே இருந்தனர். சப்பானியர் காலத்தில் தந்தையைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அழைத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. அதன் பிறகு பால்மரமே அவருக்குத் தந்தையாயிற்று.

1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு மனுச்செய்யும் வாய்ப்பு வந்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோருக்கு மொழித் தேர்வில் சலுகையும் கிடைத்தது. குளுவாங்கில் பிறந்த மனைவி தோட்டப் பள்ளி ஆசிரியர் அழைத்துச் சென்ற பெண்களோடு போய்ப் பாரத்தை நிரப்பினார். அன்று அவர் வெட்டுக்குப் போய்விட்டார். “இன்னும் நாலு வருசத்துல ஊருக்குப் போகப்போறவனுக்கு இது எதுக்கு?” என்றார். தோட்டந்தோறும் ஆயிரக்கணக்கானோர் சொன்ன வார்த்தைதான் அது. பிறப்புப் பத்திரம் இல்லாதோரும், பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாதோரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். அறியாமை என்று இதை எளிதில் பழித்துவிடலாம். ஆனால், நாளை ஊர் திரும்புவோம் என்ற நினைவு இல்லாவிட்டால் அந்த மனிதர்கள் அத்தனை ஆண்டுகள் அந்த லயங்களில் வாழ்ந்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969இல் நடப்புக்கு வந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. காலம் முடிந்தால் மீண்டும் மனு. நாட்டில் வேலையின்மை மிகுந்திருந்தது. குடிமக்களுக்கு முதலிடம் என்பது அரசின் வாதம். இருபது, முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர்கள் ஒரே நாளில் அன்னியத் தொழிலாளர்கள் ஆனார்கள். பல்லாயிரவர் மூட்டை கட்டித் தாயகம் திரும்பினர். இலங்கைத் தோட்டத் தமிழரின் தலைவிதி 1964இல் இரண்டு பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரிக்கப்பட்டது. இங்கே அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒரு தாள் மட்டும்தான்.

அவருக்குப் பெர்மிட் கிடைத்தது. 1970 டிசம்பர் வரை செல்லும் என்று பெரிய கிராணி படித்துச் சொன்னார். அக்டோபர் இறுதியில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. தாய் படுத்த படுக்கையாகிவிட்டார். மகனைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

மாலையில் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“போகலாம்ப்பா. யாரு தடுக்கிறா?” என்றார் கிராணி. “ஆனா, போறதுக்கு முந்தி திரும்பி உள்ளே வர்றதுக்கு அனுமதி எழுதி வாங்கணும். அதுக்கு எத்தனை நாளோ. அப்புறம் ரஜூலாவுக்குக் காத்திருக்கணும். போக ஒரு வாரத்துக்கு மேலே, வர அதே மாதிரி. அதுக்குள்ளே பெர்மிட்டு முடிஞ்சிடும். ஆள் இல்லாம எப்படிப் புதுப்பிக்கிறது?”

“புதுப்பிக்கலேன்னா என்னங்க ஐயா?”

“உன் வெட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. வீடும் உன் பேர்லதானே இருக்கு?”

அன்றிரவு அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி, “நான் வெட்டுறேன், நீங்க போயிட்டு வாங்க” என்றார். ஐந்து பிள்ளைகள் பாயில் உறங்கிக்கொண்டிருந்தனர். விடிந்ததும் அவர் பிரட்டுக்களத்துக்குப் போனார். அந்த வாரச் சம்பளத்தில் பாதியை மணியார்டர் செய்தார். டிசம்பரில் பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது. ஜனவரியில் தாய் இறந்த செய்தி வந்தது. தெப்ராவ் ஆற்றங்கரையில் தலையை மழித்துக்கொண்டு முழுகினார். மறுநாள் வெட்டுக்கு இறங்கிவிட்டார்.

பின்னர் அவர் செய்ததுதான் வியப்புக்குரியது. நான்காம் வகுப்புப் படித்த மகளின் மலாய்ப் பாடப்புத்தகத்தை எடுத்து, இரவில் விளக்கின்முன் அமர்ந்து, அவள் சொல்லச் சொல்லத் தாமும் சொன்னார். கடைத்தெரு மலாய் அவருக்கு நன்றாகவே வரும். அதிகாரியின் முன் பேசும் மலாய் வேறு. முதல் முறை நேர்காணலில் நா எழவில்லை. இரண்டாம் முறை தேறினார். 1975இல் நீல அட்டை கைக்கு வந்தது. எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. 60 வயது கடந்த 3,407 இந்தியச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்குவதாக அரசு அறிவித்தது 2018இல்தான் என்றால், எத்தனை பேர் அந்த நிறத்தோடேயே மூப்படைந்தனர் என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

1977இல் ‘சிதம்பரம்’ கப்பலில் அவர் ஊருக்குப் போனார். நாற்பது ஆண்டுகள் கழித்து! கைக்குழந்தையாக விட்டுவந்த தங்கைக்கு அப்போது பேரப்பிள்ளை இருந்தது. அவர் அனுப்பிய மணியார்டர்த் துண்டுகளைத் தாய் ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருந்தார். தங்கை அதை எடுத்துவந்து மடியில் வைத்துவிட்டு, “அப்பவே ஒரு தடவை வந்திருக்கலாமே அண்ணே?” என்று கேட்டாள்.

“பெர்மிட்டு முடியப் போற நேரம்மா” என்றார் அவர்.

திண்ணையில் அமர்ந்திருந்த தங்கையின் கணவர் நிமிர்ந்து பார்த்தார். மதுவிலக்கு நடப்பிலிருந்த தமிழ்நாட்டில் பெர்மிட் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

“அதுக்காகவா வராம இருந்தீங்க, மச்சான்?” என்றார் அவர்.