புள்ளிக்கட்டையும் பூட்டும்

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையார் ‘பிப்ஸ்’ என்னும் புதிர் விளையாட்டை இணையத்தின் வழியே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அவர்கள் இறக்கிவைத்த அந்தச் சுமை, திண்டுக்கல்லில் சிவனே என்று குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த என் தலையில் வந்து விழுந்தது.

டோமினோக் கட்டையை நேயர்கள் பார்த்திருக்கலாம். இரண்டு கட்டங்கள் ஒட்டிய சிறு கட்டை அது. ஒவ்வொரு கட்டத்திலும் சூன்யம் முதல் 6 வரை புள்ளிகள் இருக்கும். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாமல் அமையக்கூடிய கட்டைகள் மொத்தம் 28. புள்ளிகளை எல்லாம் கூட்டினால் 168. தாயக்கட்டையைப் போல் இதை உருட்டுவதில்லை, அடுக்கவேண்டும். பிப்ஸ் ஆட்டத்தில் திரையிலுள்ள வர்ணப் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் உண்டு. இங்கே கூட்டுத் தொகை இவ்வளவு, அங்கே எல்லாம் சமம், மற்றோரிடத்தில் எதுவும் சமமாகக் கூடாது, இப்படி. கொடுத்த கட்டைகளில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தினமும் மூன்று புதிர்கள். கடினத்தின் பக்கம் போய் நான் அவமானப்படாத நாள் கிடையாது.

என் தகப்பனார் பூட்டுத் தொழிலாளி. மாங்காய்ப் பூட்டு, கதவுப் பூட்டு என்று எத்தனையோ செய்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கௌரவம் ஊருக்கு வந்தபோது அவர் கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. அரத்தைப் பிடிக்க முடியவில்லை; பட்டறையை மூடினார். அதன் பிறகு திண்ணையில் உட்கார்ந்து மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார். தாமாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஒரு நாள் காலை, நான் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சலித்துக்கொண்டேன்.

“என்னடா அது?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை மாதங்களுக்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி அது! பக்கத்தில் அமர்ந்து சட்டங்களை விளக்கினேன். ஓரிடத்தில் மூன்று கட்டங்களுக்குத் தொகை 17. வேறோரிடத்தில் ஒரே கட்டம். அதில் 4-க்கு மேல் இருக்கவேண்டும். நான் தாராள மனத்துடன் அதில் ஒரு 6-ஐ வைத்திருந்தேன்.

“மொத்தம் எத்தனை ஆறு இருக்கிறது?”

“இரண்டுதான் அப்பா.”

“பதினேழுக்கு இரண்டு ஆறும் ஓர் ஐந்தும் அல்லாமல் வேறு வழி ஏது? ஆறை இங்கே செலவழித்துவிட்டாயே! இந்த ஒற்றைக் கட்டத்துக்கு ஐந்துதான். இறுக்கமான லீவரை முதலில் பார்க்கவேண்டும். லேசானது தானே வழிக்கு வரும். சாவியைப் போட்டு முறுக்கினால் பல்தான் உடையும்.”

மாற்றி வைத்தேன். மற்றக் கட்டைகள் வரிசையாகப் போய் அமர்ந்தன. கடைசிக் கட்டையை அவரையே வைக்கச் சொன்னேன். விரல் நடுங்கித் திரையில் இருமுறை பட்டது. கட்டை சுழன்று குப்புறத் திரும்பிற்று. அவர் கையை இழுத்துக்கொண்டு, “நீயே வை” என்றார்.

நான் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டேன். இரண்டு கைகளுமாகக் கட்டையை நகர்த்தினோம்.

சிறு வயதில் பட்டறைக்கு வா என்று அவர் அழைத்தபோது, கரி படியும் என்று நான் மறுத்திருக்கிறேன். அவர் கைத்தொழிலை இனி நான் கற்க முடியாது. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் இருந்த கணக்கு அவரிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதையாவது கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

இப்போது தினமும் காபி ஆனதும் திண்ணையிலிருந்து குரல் வருகிறது: “இன்றைக்குக் கட்டை வந்துவிட்டதா?”