இருட்டில் நிற்கும் உரிமை

நிலாவைப் படம் பிடிக்க ஒரு நொடிகூட வேண்டியதில்லை. நெபுலாவைப் படம் பிடிக்கப் பத்து நிமிடமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் சாதி இருக்கிறது என்றால் சிலர் சிரிப்பார்கள். வானத்திலுமா சாதி என்பார்கள். வானத்தில் இல்லை தோழர்களே. வானத்தைப் பார்க்க நாம் கால் ஊன்றும் மண்ணில் இருக்கிறது.

கடலூர் மாவட்டக் காலனிகளில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் நாங்கள், சில ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு சேர்ந்து வானத்தைப் படம் எடுத்து வருகிறோம். எங்களிடம் இருப்பவை சாதாரண செல்போன்கள், ஒரு ட்ரைபாட், ஒரு பைனாகுலர். தொடங்கியது நிலாவில். அது சுமார் 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அதன் ஒளி நம்மிடம் வந்து சேர ஒன்றேகால் நொடி ஆகும். பைனாகுலரில் நாம் கண் வைக்கும் இடத்தில் போன் கேமராவை ஒட்டிப் பிடிக்க வேண்டும். ப்ரோ மோடில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/250 நொடி வைத்தால் போதும். பௌர்ணமியைவிட வளர்பிறை எட்டாம் நாள் நல்லது. அன்று வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டருகே வெயில் சாய்வாக விழும். பள்ளங்களின் நிழல் நீண்டு தெரியும். இதைக் காலனித் தெருவில், விளக்குக் கம்பத்தடியில் நின்றே எடுக்கலாம். எடுத்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிள்ளைகள் அடுத்து நெபுலா வேண்டும் என்றார்கள். மார்கழி, தை மாத முன்னிரவில் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு இடப்பக்கம் சிவப்பாக ஒளிர்வது திருவாதிரை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடப்பது இந்த நட்சத்திரத்தின் பெயரால்தான். மூன்றுக்கும் வலப்பக்கம் புகைபோல ஒரு மங்கலான பொட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா, புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம். அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று இதை முதன்முதலில் படம் எடுத்தபோது 51 நிமிடம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று போனிலேயே முடியும். ஆனால் பூமி சுழல்வதால் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். அதனால் பத்துப் பத்து நொடியாக 64 படங்கள் எடுத்து, இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். அப்படி அடுக்கினால் படத்தின் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். நெபுலா இளஞ்சிவப்பாக எழுந்து வரும். அந்தச் சிவப்பு ஹைட்ரஜனின் நிறம்.

இதற்கு இருட்டு வேண்டும். கடலூரில் சிப்காட் ஆலை விளக்குகள், மேற்கே நெய்வேலியின் வெளிச்சம். எனவே சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளை பக்கம், வயல்களுக்கு நடுவே போகும் சாலைக்குப் போனோம். ஏழு பேர். ட்ரைபாடை நிறுத்திப் பாதிகூட எடுக்கவில்லை, இரண்டு பைக்குகள் வந்து நின்றன.

“எந்த ஊரு?”

சொன்னோம்.

“எந்தத் தெரு?”

அதையும் சொன்னோம். அதற்குப் பிறகு பேச்சில் மரியாதை இல்லை. ஹெட்லைட்டை அணைக்கவும் இல்லை. மிச்சப் படங்களெல்லாம் வெள்ளையாக வெளுத்துப் போயின. மறுநாள் எங்களோடு வந்த ஒரு பையனின் அப்பாவிடம், அவர் கூலிக்குப் போகும் வயலிலேயே, “புள்ளைய ராத்திரியில சுத்த வுடாத” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதம் அவர் பையனை எங்களிடம் அனுப்பவில்லை. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த வயல் வேலை போனால் அடுப்பு எரியாது.

மகாடு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்ட மேலவை 1923லேயே தீர்மானம் போட்டுவிட்டது. ஆனாலும் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய் 1927 மார்ச் 20 அன்று தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகுதான் அது பொதுக்குளம் என்று நாடு கேட்டது. வானமும் அப்படித்தான். அது எல்லோருக்கும் பொது என்று யாரும் சொல்லலாம். அதன் கீழே பத்து நிமிடம் நிற்கும்போதுதான் அது யாருக்குப் பொது என்று தெரிகிறது. சமூகவியல் வகுப்பில் ‘பொதுவெளி’ பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். பத்து நொடி ஷட்டர் கற்றுக்கொடுத்தது அதைவிட அதிகம்.

ஒரு தோழர் கேட்டார்: “காலனிக்குத் தெருவிளக்கு கேட்டு மனு கொடுக்கிறீர்கள், இங்கே இருட்டைத் தேடிப் போகிறீர்களே?” நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டமே இருண்டு கிடந்தது. வானம் நிறைய நட்சத்திரம். எங்கள் தெருவில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை; கூரை போன வீட்டுக்காரனுக்கு நட்சத்திரம் எதற்கு? நம்மேல் சுமத்தப்பட்ட இருட்டு வேறு, நாம் தேடிப்போகும் இருட்டு வேறு. பாம்புக்குப் பயப்படாமல் நடக்கத் தெருவிளக்கும் வேண்டும். ஆளுக்குப் பயப்படாமல் நிற்க வயல் சாலையும் வேண்டும். இரண்டும் ஒரே மனுதான்.

ஓரியன் நெபுலா சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று நம் போனில் விழும் ஒளி அங்கிருந்து புறப்பட்டது, சுந்தரர் தன் தொண்டர் பட்டியலில் திருநாளைப்போவாரைச் சேர்த்த காலத்தை ஒட்டி. நாளை போவேன், நாளை போவேன் என்று தள்ளிப்போட வேண்டியிருந்த நந்தனாரைத்தான் அப்படி அழைத்தார்கள். தில்லைக்குள் போக அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்கிறது பெரியபுராணம். அத்தனை காலம் பயணம் செய்து வந்த ஒளி, எந்தத் தெரு என்று கேட்காமல் காலனிப் பிள்ளையின் போனில் இறங்குகிறது. குறுக்கே நிற்பது ஹெட்லைட் மட்டும்தான்.

இப்போது நாங்கள் இருபது பேராகப் போகிறோம். அம்மாக்களும் வருகிறார்கள், சுண்டலும் வருகிறது. பைக்குகள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகின்றன. கேள்வி நின்றுவிடவில்லை. பதில் சொல்ல இருபது பேர் இருக்கிறோம், அவ்வளவுதான். போன தை மாதம் 64 படமும் முழுதாகக் கிடைத்தது.

கார்ல் சேகன் போல அறிவியல் எழுத விரும்பிய ரோகித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். அவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் இந்த வயல் சாலையில்தான் பேசுகிறோம்.

மாணவத் தோழர்களே, ஆருத்ரா தரிசனத்தன்று நெபுலா எடுக்கப் போகாதீர்கள். அன்று நிலா ஏறக்குறைய முழுதாகத் திருவாதிரை அருகிலேயே நிற்கும், எல்லாம் வெளுத்துவிடும். இரண்டு வாரம் கழித்து, அமாவாசையை ஒட்டிப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். எடுத்த படத்தின் கீழே தேதி, நேரம், எத்தனை படம் அடுக்கியது என்று எழுதுங்கள். எந்தச் சாலையில் நின்று எடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஜெய் பீம்.