காடும் முற்றமும்: ஒரு சொல்லின் வரலாறு

பொருள் விளங்காத சொல்லைக் காணும்போது மொழிபெயர்ப்பாளன் விழிப்பாக இருப்பான். அறிந்த சொல்லெனக் கருதும் இடத்திலேயே அவன் அயர்ந்துவிடுகின்றான். ஆங்கிலத்தில் 'சேர்ச்யாட்' என வழங்கும் சொல் அவ்வாறு அயரவைக்கும் சொற்களுள் ஒன்று. தோமஸ் கிறே என்னும் கவிஞர் 1751 ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற இரங்கற்பாவின் தலைப்பில் அது இடம்பெற்றுள்ளது. ஆதலின் ஆங்கில இலக்கியம் பயிலும் தமிழ் மாணாக்கர் பலரும் அதனை அறிவர். இடுகாடு, மயானம் என்பவற்றுள் ஒன்றை அதற்கு ஈடாக வைத்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயின், அவ்வாறு செல்லும்போது இழக்கப்படுவது யாது?

இடுகாடு, சுடுகாடு, புறங்காடு என்னும் தமிழ்ச் சொற்களை நோக்குமிடத்து அவை அனைத்தும் 'காடு' என முடிவதைக் காணலாம். இறந்தோருக்குரிய இடம் ஊருக்குப் புறத்தே உள்ளது, மனையும் வயலும் முடிந்த பின்னர்த் தொடங்குவது என்னும் எண்ணம் அச்சொற்களிலேயே பொதிந்து கிடக்கின்றது. உயிரோடிருப்போர் காரணமின்றி அங்குச் செல்வதில்லை. சென்றவரும் நீராடியே வீடு புகுவர்.

'சேர்ச்யாட்' என்பதோ இதற்கு நேர்மாறான எண்ணத்தின் வழி வந்தது. அதன் முற்பகுதி, ஆண்டவனுக்குரியது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. பிற்பகுதி, வேலியிட்டு அடைக்கப்பட்ட நிலத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. பழத்தோட்டத்தைக் குறிக்கும் 'ஓச்சட்' என்னும் சொல்லின் ஈற்றிலும் அதே பழஞ்சொல் மறைந்து நிற்கின்றது. ஆகவே 'சேர்ச்யாட்' என்பது நேர்பொருளில் கோயிலைச் சூழ்ந்த முற்றமேயன்றிப் பிணக்காடன்று. சாவைச் சுட்டும் எழுத்து ஒன்றேனும் அச்சொல்லில் இல்லை. அம்முற்றத்தில் இறந்தோர் அடக்கம் செய்யப்பட்டமையால் மட்டுமே சாவின் பொருள் அதன்மேல் ஏறிற்று. மரணத்தை அறிவிப்பதுபோல் ஒலிக்கும் கடும் இருமலைச் 'சேர்ச்யாட் இருமல்' என ஆங்கிலேயர் வழங்கியமை அவ்வாறு ஏறிய பொருளின் விளைவாகும்.

கோயிலுக்குச் செல்வோர் ஞாயிறுதோறும் தம் பெற்றோரின் கல்லறைகளைக் கடந்தே வாயிலை அடைந்தனர். திருமண ஊர்வலமும் அவ்வழியே சென்றது. ஊர்மக்கள் கூடுதற்கேற்ற திறந்தவெளி அதுவே ஆதலின் அங்கே வணிகமும் நடந்தது. கோயில் முற்றங்களிற் சந்தை கூட்டலாகாதென 1285 ஆம் ஆண்டின் வின்செஸ்டர்ச் சட்டம் தடைவிதித்தமையே அவ்வழக்கம் எவ்வளவு பரவியிருந்ததென்பதற்குச் சான்றாகும். இலண்டன் மாநகரின் புனித பவுல் பேராலய முற்றம் நூல் வணிகத்தின் நடுவிடமாய் விளங்கிற்று. 1594 இல் அச்சான சேக்ஸ்பியரின் 'லூக்கிறீஸ்' என்னும் காவியத்தின் முகப்பில், நூல் விற்கப்படும் இடமாக அம்முற்றமே குறிக்கப்பட்டுள்ளது. 'இடுகாட்டில் விற்கப்படும்' என்று அதனை மொழிபெயர்த்தால் தமிழ் வாசகர் திகைப்பர் என்பதில் ஐயமில்லை.

இறந்தோரை நடுவில் வைத்திருந்த சமுதாயம் எல்லோரையும் சமமாகவே ஏற்றுக்கொண்டது என இதனால் முடிவுகட்டிவிடலாகாது. வேலி என்பது அணைப்பதோடு விலக்குவதுமாகும். ஒவ்வொரு பங்கைச் சேர்ந்தவரும், ஏழையாயினும் செல்வராயினும், தம் கோயில் முற்றத்தில் அடக்கம் பெறும் உரிமையுடையவர் என்பது இங்கிலாந்தின் பழஞ் சட்டநெறி. இடமிருக்குமளவும் அவ்வுரிமை இன்றும் நிலவுகின்றது. ஆயினும் செல்வமும் செல்வாக்கும் உடையோர் கோயிலின் உள்ளேயே அடங்கினர். ஏனையோருக்கு முற்றம் கிடைத்தது. அவர்களுட் பெரும்பாலாருக்குப் பெயர் பொறித்த கல்லும் கிடைத்திலது. கிறேயின் பாடல் பேசுவது இவர்களைப் பற்றியே. எழுத்தறியாத அவ்வுழவர்களுள் வாய்ப்புக் கிட்டியிருப்பின் உயர்ந்திருக்கக்கூடியவர் எத்துணைப் பேரோ என அவர் உள்ளம் வருந்திற்று. 1771 இல் இறந்த கிறே, ஸ்ரோக் போஜஸ் என்னும் சிற்றூரின் கோயில் முற்றத்தில், தம் அன்னையின் கல்லறையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

முற்றத்தினுள்ளும் திசைவேற்றுமை இருந்தது. தென்புறம் விரும்பப்பட்டது, வடபுறம் பல ஊர்களில் அந்நியருக்கும் திருமுழுக்குப் பெறாத குழந்தைகளுக்கும் ஒதுக்கப்பட்டது. தற்கொலை செய்தோர் எனத் தீர்க்கப்பட்டோருக்கு அதுவும் மறுக்கப்பட்டது. அவர்களை நெடுஞ்சாலையிற் புதைக்கும் வழக்கத்தை 1823 ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கிற்று. அச்சட்டமும், இரவு ஒன்பது மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில், சடங்கேதுமின்றி அவர்களைப் புதைக்குமாறே பணித்தது. அந்நேரக் கட்டுப்பாடு நீங்க 1882 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. 'ஹம்லெற்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்திற் குழிவெட்டுவோர் இருவர் இதுபற்றியே வாதிடுகின்றனர். இறந்தவள் உயர்குடிப் பெண்ணாய் இல்லாதிருப்பின் கிறிஸ்தவ அடக்கம் அவளுக்குக் கிட்டியிராது என ஒருவன் கூறுகின்றான். சட்டநூல்கள் சொல்லத் தயங்குவதை அவன் எளிதாகச் சொல்லிவிடுகின்றான். இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத பிற கிறிஸ்தவர்கள் தம் முறைப்படியான சடங்கோடு அம்முற்றத்தில் அடக்கம் பெறும் உரிமையையும் 1880 ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கிற்று. அதற்குமுன் அவர்களிற் பலர் தமக்கெனத் தனியிடம் தேடினர். அத்தகைய இடமாகிய இலண்டன் பன்ஹில் நிலத்திலேயே ஜோன் பனியன், டானியல் டிஃபோ, வில்லியம் பிளேக் ஆகியோர் துயில்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முற்றங்கள் நிரம்பி வழிந்தன. நகரங்களின் மக்கட்டொகை பெருகப் பெருக, பழைய குழிகளின்மேற் புதிய குழிகள் வெட்டப்பட்டன. வாந்திபேதி பரவிய காலத்தில் மக்களின் அச்சமும் மிகுந்தது. 1852 முதல் இயற்றப்பட்ட சட்டங்களால் நகர்ப்புற முற்றங்கள் பல மூடப்பட்டன. ஊரின் ஓரத்தே, 1833 இல் திறக்கப்பட்ட கென்சல் கிறீன் போன்ற பெருநிலங்கள் இறந்தோருக்கென அமைந்தன. அவற்றுக்கு வழங்கிய 'செமெற்றரி' என்னும் பெயர், உறங்குமிடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது. தமிழர் தொன்றுதொட்டுக் 'காடு' என்று சுட்டிய புறத்திசைக்கே ஆங்கிலேயரும் தம் இறந்தோரை அனுப்பத் தலைப்பட்டனர் எனலாம். காரணம் வேறாயினும் திசை ஒன்றே.

அப்பிரிவு துயரமின்றி நிகழ்ந்ததன்று. 1860களில் இலண்டனின் பழைய புனித பங்கிராஸ் முற்றத்தினூடே புகையிரதப் பாதை அமைக்கப்பட்டபோது எண்ணற்ற உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அப்பணியை மேற்பார்வை செய்யுமாறு அனுப்பப்பட்டவர், பின்னாளில் நாவலாசிரியராய்ப் புகழெய்திய தோமஸ் ஹாடி. அப்போது அவர் கட்டடக்கலை பயிலும் இளைஞர். பெயர்க்கப்பட்ட நடுகற்கள் சூழ நின்ற மரமொன்று அவர் பெயரால் வழங்கப்பட்டு வந்து, 2022 டிசம்பரிற் சாய்ந்தது. மூடப்பட்ட முற்றங்களிற் கட்டடம் எழுப்புதலை 1884 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதனால் அவற்றுட் பல பூங்காக்களாய் எஞ்சியுள்ளன. அலுவலகத்து ஊழியர் நண்பகலில் அங்கு அமர்ந்து உணவருந்துகின்றனர். உயிரோடிருப்போர் கூடும் முற்றம் என்னும் பழைய பொருள் ஒருவாறு அங்கே மீண்டுள்ளது.

இனி, தமிழில் இச்சொல்லை எவ்வாறு வழங்குவது? ஈழத்துக் கிறிஸ்தவர் வழக்கிற் 'சேமக்காலை', 'சவக்காலை' என்னும் சொற்கள் உள்ளன. 'காலை' என்பது கால்நடைகளை அடைக்கும் இடத்துக்கும் 'மாட்டுக்காலை' என இங்கு வழங்கும் சொல். காட்டைக் குறியாது, அடைக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும் இவ்வழக்கு, பழைய ஆங்கிலச் சொல்லின் பொருளுக்கு வியக்கத்தக்க வகையில் அண்மித்து நிற்கின்றது. 'சேமம்' என்பதோ காவலைக் குறிப்பது. இரண்டும் இணைந்து, காத்துவைக்கும் அடைப்பு என்னும் பொருளைத் தருகின்றன. ஆயினும் சேமக்காலை கோயிலினின்றும் விலகியும் இருக்கலாம். 'சேர்ச்யாட்' அவ்வாறு இருத்தல் இயலாது. ஆதலின் கிறேயின் தலைப்புக்குக் 'கோயில் முற்றம்' என்பதே பொருந்தும். கல்லறைகளை வாசகன் பாடலினுள்ளே கண்டுகொள்வான்.

சொல்லின் பொருத்தம் பற்றிய இவ்வாராய்ச்சி அகராதியோடு முடிந்துவிடுவதன்று. இறந்தோரை எங்கே வைப்பது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சமுதாயமும் ஒரு விடை வைத்திருக்கின்றது. யாரை வேலிக்குள் ஏற்பது, யாரை இரவிற் சடங்கின்றிப் புதைப்பது என்பதும் அவ்விடையின் ஒரு பகுதியே. ஒரு மனிதன் ஓர் ஊருக்கு உரியவனோ அல்லனோ என்பது அவன் இறந்த பின்னும் தீர்க்கப்படும் வழக்காகவே இருந்து வந்துள்ளது. 1823, 1880, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அவ்வேலியைச் சிறிது சிறிதாக அகலத் திறந்தன. ஓரடி நிலத்தை இறந்தோர் ஒருவருக்கு வழங்குவதற்கு ஒரு நாடு அத்துணைக் காலம் எடுத்துக்கொண்டது என்பது, இச்சொல்லைப் பயில்வோர் மறவாது மனங்கொள்ளத்தக்கதாகும்.