மூதேவி: வசவாகிப்போன ஒரு தெய்வத்தின் பெயர்

"விளக்கு வைக்கிற நேரத்துல படுக்காதே, மூதேவி வந்துருவா!"

இந்த அதட்டலைக் கேட்காமல் வளர்ந்த பெண்பிள்ளைகள் செட்டிநாட்டில் குறைவு. தலையை விரித்துப்போட்டால் மூதேவி. வாசல் தெளிக்கத் தாமதமானால் மூதேவி. தொழில் நொடித்தால், 'மூதேவி அடைஞ்ச வீடு'.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில், நிலைவாசலுக்கு மேலே யானைகள் இருபுறமும் நீர் சொரிய, கஜலட்சுமி அமர்ந்திருப்பாள். அந்தச் சீதேவிக்கு அக்காள்தான் மூதேவி. மூத்த தேவி என்பதே அந்தப் பெயரின் பொருள். வடமொழியில் ஜேஷ்டா, தமிழில் சேட்டை, தவ்வை. பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வையிடம் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்கிறது திருக்குறள்.

அவளுக்குக் கோயிலும் இருந்தது. மதுரை அருகே திருப்பரங்குன்றத்தில், 8-ம் நூற்றாண்டில் துர்க்கைக்கும் ஜேஷ்டாவுக்கும் கோயில் எடுத்தவர் நக்கன் கொற்றி என்ற பெண். பாண்டிய அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவி அவர் என்று கல்வெட்டு சொல்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் அவள் சிற்பம் உண்டு. பருத்த வயிறு, காக்கைக் கொடி, இருபுறமும் மகனும் மகளும் என்று அவளை வடித்தார்கள். சேட்டையிடம் செல்வத்தை எதிர்பார்ப்பவர்களைத் தொண்டரடிப்பொடி ஆழ்வார் 'திருமாலை'யில் கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்ளும் அளவுக்கு அவளைக் கும்பிட்டிருக்கிறார்கள்!

கும்பிட்டவர்கள் குறையக் குறைய, பெயர் மட்டும் வசவாக மிஞ்சியது.

காரைக்குடியில் ஒரு பெண், வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே இரவு வேலை பார்க்கிறாள். விடியற்காலை 5 மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் படுப்பாள். 9 மணிக்கெல்லாம் அப்பத்தாவின் குரல் வரும்: "எந்திரி மூதேவி, வெயில் ஏறிப்போச்சு!" அப்பத்தாவின் மாத்திரைகளுக்கும் அவள் சம்பளம்தான். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, வெறும் பழக்கம்.

ஆனால், பெண் கேட்டு வந்தவர்களின் காதில் ஒருநாள் அது விழுந்தது. "பொண்ணு ராசி எப்படி?" என்று தரகரிடம் விசாரித்தார்கள். எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வார்த்தையின் ஆபத்து இங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகு கடை நஷ்டப்பட்டால் வட்டிக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே, 'மூதேவி வந்த நேரம்' என்று பழி மருமகள் தலையில் விழுந்துவிடுகிறது.

வாய்வரை அந்த வார்த்தை வந்தால், ஒரு நொடி நிறுத்துங்கள். பிள்ளைக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கிறோமே, அதைச் சொல்லிக் கூப்பிடலாம்.