ஹார்லெமில் சனிக்கிழமை வகுப்பு, புதன்கிழமைக் கச்சேரி

வகுப்பறை நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நடுவில் டிரம்ஸ் போட்டிருந்தார்கள். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. வெளியே குளிர் இன்னும் விடவில்லை. பிள்ளைகளின் கனத்த கோட்டுகள் ஜன்னல் திண்டில் குவிந்து கிடந்தன. பதிமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சாக்ஸபோனின் சீவாளியை வாயில் வைத்து நனைத்தபடியே, ஆசிரியர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சீவாளி காய்ந்திருந்தால் கிறீச்சிடும். அதனால் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை அதை நனைப்பதுதான். நனைந்ததும் ஊதும் முனையில் வைத்து, நுனியும் நுனியும் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, பட்டையின் திருகை முடுக்கினாள். பழகிய கை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஜாஸ்மொபைல் என்ற அமைப்பு சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் சனிக்கிழமைகளில் ஜாஸ் சொல்லிக்கொடுக்கிறது. கோடையில் அதே அமைப்பு தெருவிலும் பூங்காவிலும் இலவசக் கச்சேரி வைக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

அன்றைய பாடம் டியூக் எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்'. அதன் மெட்டில் இருப்பவை இரண்டே ஸ்வரங்கள், பஞ்சமமும் மேல் ஷட்ஜமும். விரலுக்கு வேலையே இல்லை. எங்கே எடுக்கிறோம், எங்கே விடுகிறோம் என்பதில்தான் முழு சங்கீதமும் இருக்கிறது. டிரம்ஸில் உட்கார்ந்திருந்த சிறுவன் எதிரே ஒரு தாளை வைத்துக்கொண்டு, வலக்கைக் குச்சியால் பெரிய சிம்பலைத் தட்டினான். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டம் இல்லை. எழுபதைத் தாண்டிய ஆசிரியர் எழுந்து வந்து தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். குச்சிகளையும் வாங்கிக்கொண்டார்.

"வாயால் சொல்லு" என்றார்.

சிறுவன் கூச்சத்தோடு, "டிங், டிங்-க-டிங், டிங்-க-டிங்" என்றான்.

"இன்னும் சோம்பலாகச் சொல்லு. உனக்கு எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லை."

மூன்றாவது தடவை அவன் தோள் தானாக அசைந்தது. அப்புறம்தான் குச்சி கைக்குத் திரும்பியது. தாளத்தை 'டிக் டிக்' என்று எண்ணிக்காட்டும் மெட்ரோனோமை முடுக்கியபோதும் அவர் நான்கு எண்ணிக்கைக்கும் ஒலிக்க விடவில்லை. இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் 'டிக்' கேட்டது. ஒன்றையும் மூன்றையும் பிள்ளைகளே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜாஸில் கை தட்டுவதும் இரண்டிலும் நான்கிலும்தான். டிரம்ஸ்காரரின் இடது கால் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டை மூடுவதும் அங்கேதான்.

புளூஸ் என்பது பன்னிரண்டு அளவு கொண்ட ஒரு சுற்று. ஓர் அளவுக்கு நான்கு எண்ணிக்கை, ஆக மொத்தம் 48. அதை நாலு நாலு அளவாக மூன்று வரியாகப் பிரித்துக்கொள்வார்கள். முதல் வரி ஷட்ஜத்தை அடியாகக் கொண்ட கார்டில், அதாவது ஸ்வரக்கூட்டில், நிற்கும். இரண்டாவது மத்தியமத்துக்குப் போய்த் திரும்பும். மூன்றாவது பஞ்சமத்தில் தொடங்கி ஷட்ஜத்தில் வந்து இறங்கும். இந்தச் சுற்று திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் ஒவ்வொருவரும் சொந்தமாக வாசிக்க வேண்டும். சாக்ஸபோன் பெண்ணின் முறை வந்தது. முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றின் நடுவில் இடம் தவறிவிட்டாள். கண்களில் தவிப்பு தெரிந்தது. ஆசிரியர் நிறுத்தவில்லை. டபுள் பாஸ் வைத்திருந்த பையனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒன்பதாவது அளவு வந்ததும் அவன் பஞ்சமத்தை அழுத்தமாக இழுத்துக் காட்டினான். அவள் அதைக் காதில் வாங்கி, ஒரு மூச்சு விட்டு, வரியின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டாள். தொலைந்தவளை உடன் வாசிப்பவர்கள் மீட்டுக்கொண்டுவருவதும் அந்த வகுப்பில் ஒரு பாடம். எந்தத் தாளிலும் அதை எழுதிக்கொடுக்க முடியாது.

ஒரு காலத்தில் ஹார்லெமில் இதற்கென்று வகுப்பு வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தெருவே கற்றுக்கொடுத்தது. 1938இல் 118ஆவது தெருவில் திறந்த மிண்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இசை விடுதியில் தெலோனியஸ் மங்க் பியானோ வாசித்தார். 1940களின் தொடக்கத்தில் பீபாப் என்ற புதிய பாணி அங்கே நடந்த பின்னிரவு வாசிப்புகளில்தான் உருவம் பெற்றது. இளையவர்கள் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டார்கள். 1958 ஆகஸ்டில் ஆர்ட் கேன் எடுத்த புகைப்படம் பலருக்கும் தெரிந்திருக்கும். 126ஆவது தெருவில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் 57 ஜாஸ் கலைஞர்கள் கூடி நிற்கிறார்கள். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதன் கீழ் ஓரம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நடைபாதை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அந்த வரிசையிலேயே கவுண்ட் பேசியும் உட்கார்ந்திருக்கிறார். உலகப் புகழ் பெற்ற இசைக்குழுத் தலைவருக்கும் தெருப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

அந்த நெருக்கம் பிறகு குறைந்துபோனது. விடுதிகள் மூடின, வேலை இருந்த இடங்கள் நகரின் வேறு பகுதிகளுக்குப் போயின. அந்தப் பகுதிப் பிள்ளைகளால் டிக்கெட் எடுத்து உள்ளே போகவும் முடியாது, வயதும் இடம் கொடுக்காது. இதைத் தெளிவாகப் பார்த்தவர் பில்லி டெய்லர். 1921இல் பிறந்த பியானோ கலைஞர். 1944இல் 52ஆவது தெருவில் பென் வெப்ஸ்டர் குழுவில் வாசிக்கத் தொடங்கி, ஆர்ட் டேட்டம் என்ற மேதையின் நிழலில் வளர்ந்தவர். பிற்காலத்தில் கல்வித் துறையில் முனைவர் பட்டமும் வாங்கினார். ஹார்லெம் பண்பாட்டுக் கழகத்தின் டாஃப்னி ஆர்ன்ஸ்டீனுடன் சேர்ந்து அவர் 1964இல் ஜாஸ்மொபைலைத் தொடங்கினார். போலீஸ்காரர் சுட்டுப் பதினைந்து வயதுச் சிறுவன் இறந்து, ஹார்லெம் கொந்தளித்த ஆண்டு அது. ஊர்வல வண்டியைப் போல ஓர் ஊர்தியை மேடையாக்கி, கலைஞர்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட்டை வீட்டு வாசலில் நின்று கேட்ட தலைமுறை அப்படித்தான் உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் சனிக்கிழமை வகுப்புகளும் வந்தன. ஜிம்மி ஹீத் போன்ற பெரிய சாக்ஸபோன் கலைஞர்கள் அங்கே வந்து பாடம் சொன்னார்கள்.

கச்சேரியும் வகுப்பும் இரண்டு தனித்தனிச் சேவைகள் என்று அமைப்புகளின் அறிக்கைகளில் போடுவார்கள். நான் பார்த்தவரை இரண்டும் ஒரே வேலை. காதில் ஏறாத ஓசையை எந்த ஆசிரியராலும் கையில் ஏற்ற முடியாது. பள்ளிக்கூடத்தையும் நம்பியிருக்க முடியவில்லை. 1975இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தபோது பள்ளிகளில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். இசைப் பாடமும் அடிபட்டது. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜாஸுக்குப் பட்டப்படிப்புகள் நிறைய உண்டு, நல்ல கலைஞர்களும் அங்கிருந்து வருகிறார்கள். ஆனால் அந்தக் கட்டணத்தைக் கட்டக்கூடிய குடும்பம் ஹார்லெமில் எத்தனை? இந்த இசையை உருவாக்கி வளர்த்த மக்களின் பிள்ளைகளுக்கே அது எட்டாக்கனியானால், பட்டங்கள் பெருகி என்ன பயன்?

ஜூலையில், புதன்கிழமைக் கச்சேரிக்குப் போனேன். ரிவர்சைடு டிரைவும் 122ஆவது தெருவும் சந்திக்கும் இடத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படைகளை வென்ற தளபதி யுலிசிஸ் கிராண்டின் நினைவு மண்டபம்; கச்சேரி அங்கேதான். 1897இல் திறக்கப்பட்ட பிரமாண்டமான கருங்கல் கட்டடம். மண்டபத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் வண்ணச் சில்லு பதித்த இருக்கைகள் 1970களில் பெட்ரோ சில்வா என்ற கலைஞர் உருவாக்கியவை. அக்கம்பக்கத்து மக்களும் பிள்ளைகளும் கூடவே கை கொடுத்திருக்கிறார்கள்.

மாலை ஏழு மணிக் கச்சேரிக்கு ஐந்து மணியிலிருந்தே வேலை நடந்தது. வேனிலிருந்து டபுள் பாஸை ஒருவர் கைக்குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்ததால், பியானோக்காரர் ஸ்வரத்தாள்களைத் துணி காயப்போடும் கிளிப்புகளால் ஸ்டாண்டில் கவ்வ வைத்தார். மைக் வேலை பார்த்தவருக்குப் பெரும் பாடு பாஸோடுதான். திறந்த வெளியில் கீழ் ஸ்வரங்கள் சுவரில் மோதித் திரும்பி வராமல் கலைந்து போய்விடுகின்றன. ஒலிபெருக்கியில் கூட்டினாலோ குழைந்துவிடும். புல்வெளியின் கடைசிவரை நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்து, பொத்தானை இம்மி இம்மியாகத் திருப்பினார். கேட்பவர்களுக்குத்தான் இது இலவசம். உழைப்பவர்களுக்குக் கூலி உண்டு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கூட்டத்தில் பாதிக்கு மேல் முதியவர்கள். தொப்பி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சொந்த மடக்கு நாற்காலி. என் பக்கத்தில் இருந்த மூதாட்டி சிறுமியாக இருந்தபோதே இந்த மேடை தன் தெருவுக்கு வந்ததைச் சொன்னார். "அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சாக்ஸபோனும் டிரம்ஸும் நாலு நாலு அளவாக மாற்றி மாற்றி வாசித்த இடம்தான் அன்றைய உச்சம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைத்துக்கொண்டே வந்து கொடுத்து வாங்குவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சாக்ஸபோன் விட்ட வாக்கியத்தின் கடைசித் துணுக்கை டிரம்ஸ்காரர் பிடித்தார், கவிழ்த்தார், நீட்டினார், திருப்பிக் கொடுத்தார். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு பையன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் குச்சிகளைப் பார்க்கவில்லை. டிரம்ஸ்காரரின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு, நான்கு, இரண்டு, நான்கு என்று அவன் முழங்காலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு அங்கே பாடம் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்து நியூஜெர்சியில் எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் போகிற தமிழ்ப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். டைம்ஸ் ஸ்கொயரையும் சுதந்திர தேவி சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை மாலையில் 1ஆம் எண் ரயிலில் ஏறி 116ஆவது தெருவிலோ 125ஆவது தெருவிலோ இறங்குங்கள்; நடக்கும் தூரம்தான். டிக்கெட் கிடையாது. மடக்கு நாற்காலியும் குடிதண்ணீரும் கொண்டுபோங்கள், பேரப்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். நன்கொடை கேட்டால் ஒரு சினிமா டிக்கெட்டின் விலையையாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.