காற்றில் நிற்கும் பஸ்

ஆம்னி பஸ்ஸில் ஏறிக் குலுக்கல் தெரியாமல் தூங்கி, விடிந்ததும் ஊர் போய் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் காற்றின் மேல் படுத்து வந்தது தெரியும்? பழைய வண்டிகளில் கமான் பட்டைகள் சுமந்த பாரத்தை இவற்றில் ரப்பர் பைகள் சுமக்கின்றன. பட்டறையில் அவற்றுக்குப் பெயர் பலூன். அமெரிக்காவின் நெடுந்தூர பஸ்களில் 1950-களிலேயே வந்துவிட்ட ஏற்பாடு இது. இந்தியச் சாலைகளில் 2001-இல் வால்வோ பி7ஆர் இறங்கிய பிறகு, இரவுப் பயணிகளுக்கு இந்தச் சொகுசு மெல்லப் பழகிப்போனது.

காற்று இருக்கும் இடத்தில் கசிவும் இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கிறவர்களைப் பார்க்கத்தான், பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூருக்குப் போனேன். புறவழிச்சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஸ்லீப்பர் பஸ் ஒன்று பின்பக்க இடது மூலை அமுங்கி நின்றது.

“பலூன் போயிருச்சுங்ணா, புதுசு மாட்டி உட்ருங்க” என்றார் டிரைவர். மூத்த மெக்கானிக் பலூன் பக்கமே திரும்பவில்லை. “நைட்டு நிறுத்துனதும் சாஞ்சுதுங்களா, விடியறப்பத்தான் சாஞ்சுதுங்களா?” என்று கேட்டார். விடியும்போதுதான் என்றார் டிரைவர். “அப்பச் சின்னக் கசிவுதானுங்க.”

அந்த ஒரு கேள்விக்குள் பாதி வேலை முடிந்துவிட்டதை அவர் விளக்கிய பிறகே புரிந்துகொண்டேன். வண்டியின் உயரத்தைக் காப்பது லெவலிங் வால்வ். மூலை இறங்கினால் டேங்க்கிலிருந்து காற்றை வாங்கிப் பலூனுக்குக் கொடுக்கும்; ஏறினால் வெளியே விடும். பலூன் பக்கம் மெல்லக் கசிந்தால் வால்வ் விடாமல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். டேங்க் காலியான பிறகுதான் மூலை அமுங்கும். டேங்க் காலியாகியும் வண்டி நிமிர்ந்தே நிற்கிறதென்றால் கசிவு வேறெங்கோ இருக்கிறது. வால்வுக்குள் இருக்கும் தடுப்பு, பலூனுக்குப் போன காற்றைத் திரும்ப விடாது.

எந்த மூலை அமுங்கியது என்பதும் ஒரு தகவல். பெரும்பாலான பஸ்களில் பின்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி வால்வ், முன்பக்கத்துக்கு ஒன்றே. முன்பக்கம் மொத்தமாக அமர்ந்தால் அந்த ஒற்றை வால்வின் மேல்தான் முதல் சந்தேகம்.

இன்ஜினை ஓட்டிக் காற்றை நிரப்பி அணைத்தார்கள். கொட்டகையில் பேச்சு நின்றது. பெரிய கசிவென்றால் காதுக்கே கேட்கும், இது கேட்கவில்லை. உதவிக்கு இருந்த பையன் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகப் படுத்தபடி உள்ளே நகர்ந்தான். முதலில் பலூனின் கீழ் மடிப்பு. ரப்பர் பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கும் என்பதால் சுற்றிலும் தடவினான். ஒன்றுமில்லை. பிறகு வால்வின் காற்றுப்போக்கி. அங்கும் இல்லை. வால்விலிருந்து பலூனுக்குப் போகும் நைலான் பைப்பின் முனையில், கடுகு கடுகாகக் குமிழ்கள் எழுந்தன. பைப்பைக் கழற்றிக் காட்டினார் மெக்கானிக். முன்பு யாரோ கத்தியால் சாய்வாக அறுத்துச் செருகியிருந்தார்கள். முனையை நேராக வெட்டி, புது ஓ-ரிங் போட்டு மாட்டியதும் குமிழ் நின்றது. புதுப் பலூன் மாட்டியிருந்தாலும் மறுநாள் காலை அந்த மூலை அமுங்கித்தான் இருந்திருக்கும்.

இந்த வேலைக்கு என்ன கூலி கேட்பது? வெட்டியது ஒரு துண்டுப் பைப், மாட்டியது ஒரு ரப்பர் வளையம். மாற்றிய சாமானுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற ஓனர்கள், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். கேட்காமலே பலூனை மாற்றிவிடும் பட்டறைகளுக்கு அதனால்தான் பிழைப்பு நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஈரம் இன்னொரு எதிரி. கம்ப்ரசர் அனுப்பும் காற்றிலுள்ள ஈரத்தை ஏர் டிரையர் உறிஞ்சவேண்டும். அதன் மருந்து தீர்ந்தபின்னும் ஓட்டினால் தண்ணீர் வால்வுகளுக்குள் போய் உள்ளே அரிக்கும். டேங்க்கின் அடியிலுள்ள டிரெயின் வால்வைத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறதென்று பார்த்தே டிரையரின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

அன்று நான் அதிகம் கவனித்தது அந்தப் பையனைத்தான். அவன் உள்ளே நுழையுமுன், வண்டி திடீரென்று இறங்கினால் தாங்குவதற்காக, மெக்கானிக் சட்டத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மரக்கட்டைகளை அடித்துச் செருகினார். சென்னையில் 2024-இல் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள் பயணிகள் ஏறுவதற்காகக் காற்றை அளந்து விட்டுக் குனிகின்றன. பலூன் வெடித்தால் அந்த அளவெல்லாம் கிடையாது. பல டன் எடை ஒரே நொடியில் கீழே வரும், அடியில் இருக்கிறவர் நகர நேரமிருக்காது. எல்லாப் பட்டறையிலும் இந்தக் கட்டைகளைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஜாக்கியை மட்டும் கொடுத்து உள்ளே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓனர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பஸ்ஸைப் பட்டறையில் விடும்போது அங்கே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு ஸ்டாண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஒரு பலூனின் செலவு மிச்சமாகும் அடுத்த தடவை, அந்தப் பணத்தில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.