இரண்டு ஆறுகள் சேரும் பொல்பிட்டிய

ஹட்டனிலிருந்து கினிகத்தேன வழியாகக் கித்துல்கல பக்கம் பஸ்ஸில் இறங்கும்போது குளிர் மெல்ல விலகிப் புழுக்கம் கூடும். தேயிலை மலைகள் பின்னே போக, இறப்பர் மரங்களும் கித்துல் மரங்களும் வரத் தொடங்கும். அந்தச் சரிவில் உள்ள ஊர்தான் பொல்பிட்டிய. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் இங்கு ஒன்று சேர்ந்து களனி கங்கை என்ற பெயரைப் பெறுகின்றன.

1969 முதல் இங்கு நீர்மின் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. மேலே லக்சபானவில் தேக்கப்படும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து இதன் இயந்திரங்களைச் சுழற்றுகிறது. அதற்கும் மேலே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். மவுசாகலைக்காக மஸ்கெலியாவின் பழைய நகரமே நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை மூன்றின் எச்சங்களும் வெளியே தெரியும். நாட்டுக்கு வெளிச்சம் அனுப்பிய இந்த மலைகளில், பல தோட்டங்களின் லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது.

அந்த லயங்களில் வாழ்ந்தவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் மலையக மக்கள் அதே வழியில் நடந்து நினைவுகூர்ந்தார்கள். ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் “கள்ளத்தோணி” என்ற சொல் அவர்களைத் துரத்தியது.

1983 யூலை 23ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அடுத்த நாட்களில் கொழும்பில் தொடங்கிய வன்செயல் மலையகத்துக்கும் பரவியது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் அந்தச் சம்பவத்துக்கும் என்ன தொடர்பு? ஆனாலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்கு முன் 1977 வன்செயலுக்குப் பின்னரே பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறியிருந்தன. நம்மோடு சேர்ந்து ஷெல்லடி பட்டு, நம்மோடு இடம்பெயர்ந்த அவர்களை நம்மில் பலர் “தோட்டக்காட்டார்” என்று ஒதுக்கினோம் என்பதையும் மறைக்கக் கூடாது.

பொல்பிட்டியவில் சேர்ந்த ஆறு கொழும்புக்கு வடக்கே மட்டக்குளி அருகே கடலை அடைகிறது. அங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். வடக்கே கரையோரமாகப் போனால் நீர்கொழும்பு, அங்கே கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, இந்த இரு ஆலயங்களிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீர்கொழும்பில் துயரம் தொடாத தெருவே இல்லை.

அதே நகரில் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் தப்பி வந்த அகதிகள் வாடகை வீடுகளில் இருந்தார்கள். அவர்களில் பலர் அஹ்மதியர்கள். தீவிரவாதத்துக்குப் பயந்தே சொந்த நாட்டை விட்டவர்கள். பாகிஸ்தானியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். குண்டுவெடிப்புக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் “வெளியாட்கள்” என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. சுமார் 1,000 பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிள்ளைகளோடு பொலிஸ் நிலையத்திலும் நீர்கொழும்பு, பஸ்யால பள்ளிவாசல்களிலும் தஞ்சமடைந்தனர்.

அவர்களில் ஒரு சிறு தொகையினர் 2019 மே மாதம் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். பூந்தோட்டம் என்றால் என்னவென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நலன்புரி நிலையத்தில் வாழ்ந்த இடம் அது. அந்த இடத்துக்கு அகதிகள் வரக் கூடாது என்றும் நம்மவர் மத்தியில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன.

சகோதரிகளே, பயம் பொய்யானதல்ல. குண்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கோபமும் பொய்யானதல்ல. ஆனால் அந்தக் கோபம் யார் மீது இறக்கி வைக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். குற்றம் செய்தவனை எட்ட முடியாதபோது, பக்கத்தில் இருக்கும் பலமற்றவர்கள் மீதே அது இறங்குகிறது.

நமது ஊரிலும் ஒரு துயரம் நடந்து, வந்து குடியேறியவர்கள் மீது விரல் நீட்டப்படலாம். அப்போது குழாயடியிலும் கடையடியிலும் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். இவர்கள் செய்தது என்ன? அதைக் கண்டவர் யார்? இவர்களை எழுப்பிவிட்டால் இன்றிரவு இவர்களின் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? கூடாரத்தில் படுத்து எழுந்த நமக்கு, இந்த மூன்றாவது கேள்வியின் பாரம் நன்றாகவே தெரியும்.